சீலோக்குக்குக் காற்று ஆகாது

...இந்த வாடை எங்கோ முகர்ந்த வாடைதானே, என்று மூக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள் நினிங், எங்கோ என்ன எங்கோ, தினமும் முகர்கிற வாடை, மழைக்காலத்தில் சீருடைத் துணியை முக்கால்வாசி காய்ந்ததும் போதுமென்று மடித்துப் பையில் திணித்து மறுநாள் பிரித்தால் முகத்தில் அடிக்குமே, அந்தப் புழுக்க வாடை, அதற்காகவே கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போன வாடிக்கைக்காரர்கள் எத்தனை பேர், சலவைக்கடை வைத்திருப்பவள் மூக்குக்கு இது தெரியாமல் போகுமா, ஆனால் அது எப்படி இங்கே, இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள், இங்கே துணியா இருக்கிறது, இருப்பது ஒரே ஒரு பல்லி, அதுவும் தன் பல்லி இல்லை, ரெங்கானிஸின் பல்லி, இன்று சாயங்காலத்துக்குள் காரூத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கப்போகிறவளின் பல்லி... பெட்டிமேல் போர்த்தியிருந்த பாத்திக் துணியை உருவினாள், அதன் அடியில் ஒட்டுநாடா போட்டு இழுத்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக், சலவை முடிந்த துணியைச் சுற்றிக் கொடுக்கிற அதே பிளாஸ்டிக், அதன் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளி, கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் ஆவி படிந்து உள்ளே எதுவுமே தெரியவில்லை, விரலால் துடைத்தாள், வெளியே துடைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் போகுமா, மடச்சி, என்று தன்னையே திட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். சீலோக் கிளைமேல் இல்லை. இந்த நேரத்தில் மேலே மூங்கில் குழாய்க்குள் சுருண்டு தூங்குமே, அங்கேயும் இல்லை. கீழே, ஊறிப்போன பாசிமேல், வயிற்றைத் தரையில் வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி கிடந்தது, மூக்கு ஓட்டையில் ஒரு சின்னக் குமிழி, சோப்புக் குமிழி மாதிரி, வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. யா அல்லா, என்றாள் நினிங், இதற்குச் சளி பிடித்திருக்கிறது.

பல்லிக்குச் சளி பிடிக்குமா, பிடிக்காமல் என்ன, மூக்கு இருந்தால் சளி பிடிக்கத்தான் செய்யும், ஆனால் எப்படிப் பிடித்தது, அதுதானே கேள்வி, காற்றே படாமல் பார்த்துக்கொண்டேனே, ஒரு பொட்டுக் காற்று உள்ளே போக விட்டேனா... ரெங்கானிஸ் என்ன சொல்லிவிட்டுப் போனாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஓட்டல் பயிற்சிக்குக் கிளம்புகிற அன்று காலையில் பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னாள், "பிபி, ராத்திரி மட்டும் நல்லாத் தண்ணி அடிங்க, காலைல காஞ்சிரணும், ஈரம் ஏறணும், இறங்கணும், அவ்வளவுதான்," அந்தப் பயிற்சி பள்ளிக்கூடத்துக் கட்டாயம், எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள், இவளுக்குக் காரூத்தில் ஒரு ஓட்டல் கிடைத்தது, படுக்கை விரிக்கவும் சிரித்த முகமாக வணக்கம் சொல்லவும் கற்றுக்கொடுப்பார்களாம், வணக்கம் சொல்ல இவளுக்கு எதற்குப் பயிற்சி, வீட்டிலேயே அப்படித்தான் இருக்கிறாள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு நன்றி பிபி, குளித்துவிட்டு வெளியே வந்து குளியலறை காலி பிபி, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெண் ஒரு முகச்சுளிப்புக் காட்டியதில்லை, அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், நீ கொடுத்துவைத்தவள் நினிங், மூத்தாள் பெண் இவ்வளவு மரியாதையா நடந்து யார் பார்த்திருக்கிறார்கள் என்று, நானும் ஆமாம் ஆமாம் என்கிறேன்... பிபி. சித்தியையும் பிபி என்பார்கள், வீட்டு வேலைக்கு வருகிறவளையும் பிபி என்பார்கள், எந்த பிபி என்று கேட்க முடியுமா. ஆனால் அன்று காலையில் பெட்டிச் சாவியை, கண்ணாடிக் கதவுக்கு ஒரு குட்டிப் பூட்டு உண்டு, அந்தச் சாவியை நினிங்கின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள், அப்பாவிடம் கொடுக்கவில்லை, பக்கத்துவீட்டில் பல்லி வளர்க்கிற சிநேகிதியிடம் கொடுக்கவில்லை, "நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள். பஸ் போன பிறகும் நினிங் அந்தக் கையைத் திறக்காமலே வீடுவரை நடந்து வந்தாள்.

நல்லாத்தான் பார்த்துக்கொண்டாள், அப்படித்தான் நினைத்தாள், முதல் சில நாள் ராத்திரி தண்ணீர் அடிப்பதும் காலையில் காய்ந்திருக்கிறதா என்று இலையைத் தொட்டுப் பார்ப்பதும், பழப்பொடியைக் குழைத்து மூடிபோன்ற கிண்ணத்தில் வைப்பதும், அது நாக்கை நீட்டித் தன் கண்ணையே நக்கித் துடைத்துக்கொள்வதைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பதும், இமையில்லாத கண், கண்ணுக்கு மேலே மட்டும் புருவம் தீட்டினாற்போல வரிசையாக முள், ரெங்கானிஸ் அதற்குச் சீலோக் என்று பெயர் வைத்தது சரிதான், பள்ளிக்கூட வாசலில் குச்சியில் குத்திக் கொடுக்கிற சீலோக் மாவுருண்டை மாதிரியே கொழகொழவென்று... அப்புறம் அந்த மழை பிடித்தது. வடக்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று, பாண்டுங்கில் பிறந்தவர்களுக்குத் தெரியும், மழை நின்ற பிறகு வருமே, கதவிடுக்கில் விசில் அடித்துக்கொண்டு, அந்தக் காற்று ஒரு ராத்திரி பெட்டியின் மேல் வலை வழியாக உள்ளே இறங்கி இலையை ஆட்டுவதை நினிங் தன் கண்ணாலேயே பார்த்தாள், சீலோக் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து பார்த்தது, என்னைத்தான் பார்த்தது, அதற்குமேல் எப்படிச் சும்மா இருப்பது? உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா, வயிறு உப்பும், தலை கனக்கும், முதுகு விறைக்கும், மோட்டார்சைக்கிளில் சட்டையைத் திருப்பி நெஞ்சுக்கு முன்னால் போட்டுக்கொண்டு போகிறவர்கள் பைத்தியமா, பஸ்ஸில் ஒருத்தன் ஜன்னலைத் திறந்தால் மொத்த பஸ்ஸும் அவனை முறைக்கிறதே அது சும்மாவா, பிறந்த குழந்தை இருக்கிற அறையில் சாவித்துவாரத்தைக்கூடப் பஞ்சு வைத்து அடைத்தவள் நினிங்கின் அம்மா. காத்து போகணும் என்று ரெங்கானிஸ் சொன்னாள்தான், சின்னப்பெண், அவளுக்கு என்ன தெரியும், குளிராத வேளைக்குச் சொல்லியிருப்பாள்... முதலில் துணியைப் போர்த்தினாள், துணிக்குள் காற்று நுழையாதா, நுழையும், அதனால் பிளாஸ்டிக், கதவுக்குக் கீழே சீப்புப் பல் மாதிரி ஒரு நீளமான இடுக்கு, அது வழியாகவும் வருகிறதே, அதற்கு ஒரு பழைய துண்டு. முடித்துவிட்டுப் பார்த்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது. மறுநாள் பார்த்தால் பெட்டிக்குள் ஈரம் காட்டுகிற மீட்டரில் தொண்ணூற்றொன்பது. ராத்திரியில் எண்பது ஏறினால் நல்லது என்றாள், நான் தொண்ணூற்றொன்பது வாங்கியிருக்கிறேன் என்று பரீட்சையில் முதலாவது வந்தவள் மாதிரி அதைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினாளே, அட அசட்டுப் பெண்ணே, இறங்கணும் என்றும் சொன்னாளே, இறங்கியதா என்று ஒருநாளாவது பார்த்தாயா.

போன் எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள், யாயான் செருப்புப் பட்டறையில் இருந்தான், பின்னால் மெஷின் சத்தம், அவனை அவள் கங் என்பாள், அவன் அவளை நெங் என்பான், "கங், சீலோக்குக்கு மூக்குல குமிழி வருது," என்றாள், "யாருக்கு?" "சீலோக்குக்கு, பல்லிக்கு," யாயான் சிரித்துவிட்டான், "ஏன் நெங், அது பல்லிதானே, சமையக்கட்டு சுவத்துல ஆயிரம் திரியுது, அதுகளுக்கெல்லாம் யாரு கம்பளி போத்துறா? எண்ணெய்ச் சட்டிக்கு மேலயே குடும்பம் நடத்துதுங்க, ஒண்ணாவது தும்மி நான் பாத்ததில்ல," அவள் ஒன்றும் சொல்லாததைக் கேட்டு, இந்த மனுஷனுக்கு அது மட்டும் தெரியும், பேசாததைக் கேட்கத் தெரியும், குரலை இறக்கி, "அழறியா?" என்றான், "அழல," "ரெங்கானிஸ் ஒண்ணும் சொல்லமாட்டா, அவ அந்த மாதிரிப் பொண்ணு இல்ல, உனக்குத் தெரியாதா," என்றான், தெரியும், அதுதான் உறுத்துகிறது, ஆனால் அதை அவனுக்கு எப்படிச் சொல்வது, மெஷின் சத்தத்தில். போனை வைத்தபோது இஸ்திரி போடுகிற எந்தின் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் காயுபுத்தித் தைலப் புட்டி, எந்தினுக்கு எந்த வியாதிக்கும் அதுதான், பல்வலி, கடன்காரன், மாமியார் எல்லாத்துக்கும், நினிங்கை அக்கா என்கிற மாதிரி தேத்தே என்பாள், "தேத்தே, ஒரே ஒரு சொட்டு எடுத்து நெஞ்சுல தடவுங்க, உடனே இறங்கிரும்," என்றாள், நினிங் கை நீட்டிவிட்டாள், நீட்டின கை பாதியில் நின்றது, இதற்கு நெஞ்சு எங்கே இருக்கிறது, எந்தின் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள், "ஐயே, வயித்துலேர்ந்து நேரா கழுத்தால்ல இருக்கு," என்றாள், அந்த நிலையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தைலம் வேண்டாம் என்றாள் நினிங், அந்தக் காரம் நமக்கே கண்ணில் தண்ணீர் வரவைக்கும், இது கண்ணையே நாக்கால் துடைக்கிற ஜீவன்.

சரி, இப்போது யோசி, அழுகை அப்புறம். துணியாக இருந்தால் என்ன செய்வாய், ஈரத் துணி, புழுங்கின துணி, வெளியே மழை, வெயில் இல்லை, என்ன செய்வாய், உனக்குத் தெரிந்தது அதுதானே, கடைக்குப் பின்னால் காயவைக்கிற அறையில், சுவரின் அடியில் இரண்டு கல்லை நீ தானே பெயர்க்கச் சொன்னாய், மேலே கூரை ஓரம் ஒரு வரிசை திறந்து விடச் சொன்னாய், கொத்தனார் எதற்கு என்று கேட்டபோது, ஈரம் சூட்டோடு மேலே போகும், மேலே வழி இருந்தால் வெளியே போகும், போகிற இடத்துக்குக் கீழேயிருந்து புதுக்காற்று தானே வரும், விசிறி கூட வேண்டாம் என்று நீ தானே அளந்தாய்... கீழே ஒரு இடுக்கு, மேலே ஒரு வலை. நினிங் பெட்டியைப் பார்த்தாள். சீப்புப் பல் இடுக்கு கீழே, வலை மேலே. அதே அறை, குட்டியாக. இதைச் செய்தவன் மடையன் இல்லை, வலையையும் இடுக்கையும் காசைக் கொட்டிச் சும்மா வைப்பானா, இரண்டையும் நான் தானே அடைத்தேன், துணிக்குத் தெரிந்தது உயிருக்குத் தெரியாமல் போனதே, ஏன், துணியை யாரும் கொஞ்சுவதில்லை, அதனால்தான், துணிமேல் பயம் இல்லை, பயம் வந்தால் புத்தி மூடிக்கொள்கிறது, எதையாவது எடுத்துப் போர்த்தத்தான் தோன்றுகிறது. துண்டை உருவினாள், ஒட்டுநாடாவைக் கிழித்தாள், கையை மெதுவாக உள்ளே விட்டு அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்தாள், வாலைத் தொடாதீங்க பிபி, பயந்தா கழட்டிப் போட்டுரும், மறுபடி முளைக்காது, அதுவும் சொல்லியிருந்தாள், தொடவில்லை, தொடவில்லை, சீலோக் ஒரு காலை எடுத்து அவள் மணிக்கட்டில் வைத்தது, அப்புறம் இன்னொரு காலை, ஒட்டிக்கொண்டது, ஈரமான குட்டி விரல்கள், ஐந்தும் விரிந்து, இவ்வளவு செய்த பிறகும் என் கையையா பிடிக்கிறாய், அவ்வளவு கெட்டிக்காரப் பல்லி இல்லை நீ, என்றாள் அதனிடம். அதை ஒரு கூடையில் காய்ந்த துணிமேல் விட்டு, மூடாமல், மூடாமல் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பாசியை எடுத்தாள், அடிப்பக்கம் வெள்ளைவெள்ளையாகப் பூஞ்சை, அத்தனையும் குப்பைக்கு, இலைகளைக் கழுவி உதறி, கண்ணாடியை உள்ளே துடைத்து, அடியில் காய்ந்த காகிதம் விரித்து, மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தாள், வைத்துவிட்டு அதை ஓடவிட மட்டும் விரல் போகவில்லை, காற்று, பார்த்தாயா, மறுபடியும், கடைசியில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து ஓடவிட்டாள், அறையில் காற்று நடந்தது, யார்மேலும் அடிக்காமல். மீட்டர் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, எண்பத்தைந்துக்கு, எழுபதுக்கு, அது இறங்க இறங்க அவளுக்கு மூச்சு வந்தது. மூக்குக் குமிழி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, வெட்கமில்லாமல் வந்தது, எல்லாம் காய்ந்துவிட்டது, கண்ணாடி பளபளவென்று இருக்கிறது, பிளாஸ்டிக் குப்பையில், துண்டு துவைக்கிற கூடையில், யாருக்குத் தெரியப்போகிறது, பல்லிக்கு மழைக்காலத்தில் உடம்பு சரியில்லாமல் போகாதா, ரெங்கானிஸ் வந்ததும் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, ஐயோ, இன்னைக்குக் காலையிலேர்ந்துதான் இப்படி என்றால் போதும், எந்தின் வாய் திறக்கமாட்டாள், யாயான் மறந்தே போயிருப்பான்... ஒரு சட்டையில் சாயம் இறங்கிவிட்டால் வாடிக்கைக்காரரிடம் அப்படித்தானே சொல்கிறாய், துணி அப்படிங்க, பழசுங்க என்று. ஆனால் சீலோக் செத்துப்போனால்? ரெங்கானிஸ் அழுவாள், அழுதுவிட்டு, பரவாயில்லை பிபி, நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க என்று என்னையே தேற்றுவாள், அதைக் கேட்டுக்கொண்டு நான் இந்த வீட்டில் சோறு தின்ன வேண்டும். அசர் தொழுகைக்கு அழைப்பு வந்தது, நினிங் கை கால் கழுவிக்கொண்டு தொழுதாள், தொழுகையில் நின்றபோதும் காது அந்த அறைப்பக்கமே இருந்தது, அல்லா என்னை மன்னிக்க வேண்டும், இன்றைக்கு நான் பல்லிக்காகத்தான் தொழுதேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்று வாசலில் குரல், முதுகுப்பையோடு, மழையில் முன்முடி நனைந்து, இளைத்திருக்கிறாளே, அந்த ஓட்டலில் சோறு போடுகிறார்களா இல்லையா, நினிங்கின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள், பையிலிருந்து காரூத்துத் தொதோல் மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள், "உங்களுக்குத்தான் பிபி, எள்ளு போட்டது," எனக்கு எள்ளு போட்டதுதான் பிடிக்கும் என்று இவளுக்கு எப்படித் தெரியும், நான் சொன்னதில்லையே, இதையெல்லாம் கவனிக்கிறவளிடமா நான் பொய் சொல்லப்போகிறேன்... சொல்லிவிட்டாள், ரெங்கானிஸ் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள், பிளாஸ்டிக்கை, துண்டை, தொண்ணூற்றொன்பதை, குமிழியை, எல்லாவற்றையும், சொல்லி முடித்துவிட்டுத் திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், நாற்பது தாண்டின பொம்பளை, பள்ளிக்கூடப் பெண் முன்னால். ரெங்கானிஸ் உள்ளே போனாள், கூடைக்குப் பக்கத்தில் மண்டிபோட்டாள், சீலோக்கைத் தூக்கிக் காதோரம் வைத்துக் கேட்டாள், அது மூச்சு விடும்போது கிளிக் கிளிக் என்று ஒரு சத்தம் வந்ததாம், உதட்டைக் கடித்துக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது, ஆனால் திரும்பினபோது முகத்தில் அந்த ஓட்டல் சிரிப்பு, "பரவாயில்ல பிபி. டாக்டர் இருக்காரு, சாயங்காலம் திறப்பாரு, மருந்து குடுத்தா சரியாயிரும். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க." அதோடு விட்டிருக்கலாம், நினிங் விடவில்லை, "நீ சொல்லிட்டுத்தானே போனே, மூடாதீங்கன்னு..." என்றாள், ரெங்கானிஸ் சீலோக்கின் தலையை ஒரு விரலால் தடவிக்கொண்டே, ரொம்ப மெதுவாக, "தெரியும் பிபி, படத்துல பாத்தேன். துணி போத்தியிருந்துச்சு," என்றாள். பார்த்தாளா? எப்போது? "முன்னாடியே. அந்தத் தொண்ணூத்தொம்பது படம் அனுப்புனீங்களே, அப்பவே." அப்புறம் ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை, அதை எடுங்க பிபி என்று ஒரே ஒரு வார்த்தை... "நீங்க அவ்ளோ சந்தோஷமா அனுப்பியிருந்தீங்க. சொன்னா உங்களுக்கு மனசு கஷ்டமாயிருமேன்னு..." என்று இழுத்தாள் ரெங்கானிஸ், "நீங்களே எடுத்துருவீங்கன்னு நினைச்சேன்."

நினிங் சமையலறைக்குப் போனாள், தண்ணீர் வைத்தாள், எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் நின்றாள், அடிப் பெண்ணே, உன் பல்லி அங்கே மூச்சுத் திணறுகிறது, நீ அங்கே ஓட்டலில் படுக்கை விரித்துக்கொண்டு தினமும் அதையே நினைத்துத் தவித்திருப்பாய், என் மனசு கஷ்டப்படக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டா இருந்தாய்? இது பாசமா, இல்லை பயமா, இல்லை வெறும் மரியாதையா, விருந்துக்குப் போன வீட்டில் கறியில் உப்பு அதிகம் என்று யாராவது சொல்வார்களா, சொல்லமாட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது தடவை போட்டுக்கொள்வார்கள்... பெற்றவளிடம் இப்படியா பேசுகிறாள், யாயானைப் பிரிந்து பெக்காசியில் இருக்கிற அந்த அம்மா போன் செய்தால் வீடே அதிரும், "உனக்கு எதுவுமே புரியாதும்மா! நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளேன்! நீ எப்பவும் இப்படித்தான்!" என்று கத்தி, கதவைச் சாத்தி, அரைமணி கழித்து அதே அம்மாவுக்குத் திரும்பப் போன் போட்டு, சாப்டியா என்று கேட்பாள், முதல்தடவை அதைக் கேட்டபோது நினிங்கூட நினைத்தாள், நல்லவேளை, என்னிடம் இந்தப் பெண் குரல் உயர்த்துவதில்லை, நல்லவேளை என்று. நல்லவேளையா? தண்ணீர் கொதித்து மூடி ஆடியது, அடுப்பை அணைத்துவிட்டுக் மழைக்கோட்டைத் தேடப் போனாள்.

டாக்டர் இருப்பது நகரத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில், ரெங்கானிஸ் வண்டியை ஓட்டினாள், நினிங் பின்னால், மடியில் ஒரு சோற்று டப்பா, மூடியில் கம்பியைச் சூடாக்கிக் குத்தின ஓட்டைகள், அடியில் காகிதம், அதன்மேல் சீலோக், மழை விட்டிருந்தது, ஆனால் காற்று இருந்தது, அதே வடக்குக் காற்று, மேடு ஏற ஏற வேகம் கூடியது, நினிங்கின் முழங்கை மயிரெல்லாம் சிலிர்த்தது, நமக்கே இப்படியென்றால் அதற்கு, பக்கத்தில் லாரி ஒன்று ஈரத்தை வாரி இறைத்துக்கொண்டு போனது, ஐயோ, ஓட்டை வழியாக உள்ளே போயிருக்குமோ, அவள் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது, சட்டையின் முன்பக்கத்தைப் பிரித்து டப்பாவை உள்ளே இழுத்து, வயிற்றோடு சேர்த்து, துணியை மேலே இழுத்து மூடி, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு குனிந்தாள், வண்டிக் கண்ணாடியில் ரெங்கானிஸின் கண் தெரிந்தது, ஒரு நொடி, வண்டி சடாரென்று ஓரம் கட்டி நின்றது, "பிபி!" என்று கத்தினாள், பக்கத்தில் வறுத்த மரவள்ளி விற்கிறவன் திரும்பிப் பார்த்தான், "என்ன பண்றீங்க! மூடாதீங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது! மூச்சு முட்டிச் சாகப்போகுது அது! வாயால சொன்னா ஏறவே ஏறாதா!" முகம் சிவந்து, மூக்கு விடைத்து, ஹெல்மெட்டுக்குள் முடி வாய்க்குள் போய்... நினிங் டப்பாவை வெளியே எடுத்தாள், அவசரமாக, இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சுக்கு முன்னால் காற்றில் பிடித்துக்கொண்டாள், "சரிம்மா, சரி, இதோ, எடுத்துட்டேன், பாரு," என்றாள், ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள், சீலோக் நக்கிக்கொண்டிருந்தது, வலது கண்ணை. திட்டு வாங்கியிருக்கிறேன், நடுரோட்டில், மரவள்ளிக்காரன் முன்னால், உடம்பெல்லாம் கூசவேண்டும், கூசவில்லையே, அடிவயிற்றிலிருந்து ஏதோ இளகி மேலே வருகிறதே, இது என்ன கூத்து, சிரித்துவிடுவேன் போலிருக்கிறதே...

வண்டி மறுபடி கிளம்பியது. முன்னால் ரெங்கானிஸின் முதுகு விறைப்பாக இருந்தது, கோபத்தில்தான், கோபமாகவே இருக்கட்டும், இப்படியே டாக்டர் வீடுவரை கோபமாகவே போகட்டும், அங்கே போயும் டாக்டரிடம், பாருங்க டாக்டர், இவங்க பண்ணின வேலைய என்று என்னைக் காட்டிக்கொடுக்கட்டும், சீலோக் பிழைத்துக்கொள்ளும், பிழைக்கவேண்டும், பிழைத்தால் இவள் இன்னும் எத்தனையோ தடவை என்னிடம் எரிந்துவிழ வேண்டியிருக்கும், நான் அவ்வளவு சீக்கிரம் திருந்துகிற ஆளா... சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. காற்று இரண்டு பேர்மேலும் நேராக அடித்தது, நினிங் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டப்பாவை உயர்த்தியே பிடித்திருந்தாள், கை கடுத்தது. ரெங்கானிஸ் ஹெல்மெட்டைப் பாதி திருப்பினாள், அந்தக் குரல் திரும்பி வந்துவிட்டது, மடித்து இஸ்திரி போட்ட அந்தக் குரல், "மன்னிச்சுக்கோங்க பிபி, நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது," என்றாள். வேண்டாம், என்று வாய்வரை வந்தது நினிங்குக்கு, ஐயோ அதைச் சொல்லாதே, அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளாதே, ஆனால் என்ன சொல்வது, இன்னொரு தடவை என்னைத் திட்டு என்று ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது? பச்சை விளக்கு விழுந்துவிட்டது, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான், "முன்னாடி பாத்து ஓட்டு," என்று மட்டும் சொன்னாள், சொன்ன குரல் கொஞ்சம் அதட்டலாகவே வந்தது, அது அந்தப் பெண்ணுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.